என் மாமனார் செய்த கல் பதுக்கல்

என் மாமனார் ஒரே ஒரு சொல்லுக்குப் பயந்து ஜேசிபி வரவழைத்தவர். பாம்புக்குப் பயந்து புதரை வெட்டுகிறவர்கள் உண்டு. மாட்டுக்குப் பயந்து வேலி போடுகிறவர்கள் உண்டு. ஒரு தமிழ்ச் சொல்லுக்குப் பயந்து மண்வாரி எந்திரத்துக்குச் சொல்லி அனுப்பியவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருத்தர்தான். அந்தச் சொல்லைப் பிழையில்லாமல் எழுதவும் பொருள் சொல்லவும் தெரிந்த ஆள் அந்தக் குடும்பத்தில் நான் மட்டும். அதனால் நன்மை கம்மி, தொல்லைதான் ஜாஸ்தி.

கள்ளக்குறிச்சியில் எனக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை. தமிழில் எம்.ஏ. படித்தவன். பட்டத்தைச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டியிருந்தேன். பத்திரிகை மாதிரிகள் பெருகப் பெருக, அதன் மேல் ஒரு பிள்ளையார் அட்டை, அப்புறம் ஒரு மயில் அட்டை என்று வந்து உட்கார்ந்து, இப்போது பட்டம் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது. படித்ததற்கு மிச்சம், ல, ள, ழ மூன்றும் தத்தம் இடத்தில் நிற்கின்றனவா என்று பார்க்கிற வேலை. எங்கள் பக்கத்தில் வாழைப்பழம் வாயப்பயம் ஆகிவிடும். அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. எனக்கு மட்டும் இருக்கிறது. ஒரு தடவை 'மணமகன் மணமகளுக்குத் திருமாங்கல்யத் தாழி பூட்டும்' என்று அடித்து வந்துவிட்டது. தாழி என்றால் பெரிய மண்பானை. நான் பார்க்காமல் விட்டிருந்தால் அந்தப் பெண் கழுத்தில் பானையோடு சபையில் நின்றிருக்கும். என் மனைவிக்கு என் இந்தக் குணம் அறவே பிடிக்காது. என்னோடு பேசுவதற்கு முன்னால் ஒரு தடவை ப்ரூஃப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பாள்.

அவளுடைய அப்பாவின் ஊர், வெள்ளிமலை போகிற பஸ் மலை ஏறத் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால். மரவள்ளி, மக்காச்சோளம் போடுகிற ஊர். மாமனாருக்கு மேட்டுக்கொல்லை என்று ஒரு துண்டு. அந்தக் கொல்லையில் விளைந்ததை விட நின்றதுதான் அதிகம். நாலு பக்கமும் பலகைக் கல்லை நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லை மூடி போட்ட மாதிரி வைத்தது ஒன்று. அதன் கிழக்குப் பலகையில் ஒரு ஆள் தலையை விட்டுப் பார்க்கிற அளவுக்கு வட்டமாக ஓட்டை. பக்கத்திலேயே அதைப் போல இன்னொன்று, ஆனால் கழுத்தளவு மண்ணுக்குள் போய்விட்டது. அதன் பலகைகளில் ஒன்று எப்போதோ காணாமல் போயிருந்தது. இரண்டையும் சுற்றி உருண்டைக் கற்கள் வட்டமாகக் கிடக்கும். கொஞ்சம் தள்ளி, ஆள் உயரத்துக்கு மேல் ஒரு ஒற்றைக் கல் நெட்டுக்குத்தாக நிற்கும்.

அந்த வீட்டில் இதற்கெல்லாம் சேர்த்து ஒரே பெயர்தான், குள்ளர் வூடு. முழங்கால் உயரத்தில் மனிதர்கள் இருந்தார்களாம், வானத்திலிருந்து நெருப்பு கொட்டப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்து கல்லில் வீடு கட்டிக்கொண்டார்களாம். நெருப்பு கொட்டியதா என்று நான் கேட்டால், கொட்டியிருந்தால் நாம் எப்படி இருப்போம் என்று மாமியார் கேட்பார். மூடுகல்லின் மேல் அவர் வெயில் காலத்தில் கூழ்வடகம் காயவைப்பார். ஊரிலேயே அவர் வடகம்தான் சீக்கிரம் காயும், கல் அப்படிச் சுடும். உள்ளே மண்வெட்டி, மோட்டாருக்கான ஃப்யூஸ் கம்பி, கிழிந்த குடை எல்லாம் இருக்கும். ஒரு கோழி, வீட்டில் கூண்டு இருந்தாலும், அங்கே போய்த்தான் முட்டை வைக்கும். நான் புது மாப்பிள்ளையாகப் போயிருந்தபோது அந்த ஓட்டையில் கையை விட்டு முட்டை எடுக்கச் சொன்னார்கள். அதை அங்கே மரியாதை என்று நினைக்கிறார்கள்.

மாமனாரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் பஸ்ஸில் கொண்டுபோகிற முருங்கைக்காய்க் கட்டுக்கு, கண்டக்டர் வேண்டாமென்றாலும் விடாமல், லக்கேஜ் டிக்கெட் வாங்குகிறவர். வாங்கிய டிக்கெட்டை வீட்டுக்கு வந்த பிறகும் சட்டைப்பையிலேயே வைத்திருப்பார், செக்கிங் தேடிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டால் என்ன செய்வது என்று. அவரை யாரும் ஒரு சொல் சொன்னது கிடையாது. சொல்லிவிடுவார்களோ என்பதுதான் அவருக்கு வாழ்நாள் முழுக்க இருந்த ஒரே நோய்.

அந்தச் சமயம் எங்கள் பக்கத்தில் எங்கே திரும்பினாலும் பதுக்கல் பேச்சு. ரேஷன் அரிசி பதுக்கல், மண் பதுக்கல், ஜல்லி பதுக்கல். மலையடிவாரத்தில் கல் ஏற்றிய டிப்பர் ஒன்று பிடிபட்டு, அதன் சொந்தக்காரர் வண்டிக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிற படம் பேப்பரில் வந்தது. மாமனார் அந்தப் படத்தை டீக்கடையில் பார்த்துவிட்டு வந்து, பாவம், அவன் பொண்டாட்டி பிள்ளைங்க இன்னா ஆகும் என்று இரண்டு வேளை புலம்பினாராம்.

இப்படி காதெல்லாம் தயாராக இருக்கும் நேரத்தில்தான் அவர்கள் வந்தார்கள். ஏதோ கல்லூரியிலிருந்து ஒரு வாத்தியார், அகலமான தொப்பி வைத்தவர், கூடவே மாணவர்கள், டேப்பு, கேமரா. நான் அன்று அங்கே இல்லை. பின்னால் மாமியார் சொல்லக் கேட்டதுதான். வாத்தியார் கல்லை எல்லாம் சுற்றிச் சுற்றி வந்தாராம், முகம் பூரித்துப் போனதாம். பிறகு எழுதிக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்து, இங்க நிறைய கற்பதுக்கை இருக்கும்போல, இது ஒண்ணு பாதி மறைஞ்சு கிடக்கு, பதிவு பண்ணிக்கோ என்று சொன்னாராம்.

கற்பதுக்கை என்பது மண்ணுக்குள் பலகைக் கல்லால் பெட்டி மாதிரி அமைத்த பழங்கால அடக்கம். இது எனக்குத் தெரியும். மாமனார் காதில் விழுந்தது வேறு. கல் பதுக்கல். மறைச்சு வெச்சிருக்கு. பதிவு பண்ணு. எங்கள் பக்கத்தில் பதிவு பண்ணுவது என்றால் ஒன்று பத்திரம், இல்லாவிட்டால் கேஸ்.

அதற்குப் பிறகு நடந்த ஒவ்வொன்றும் அதை உறுதிப்படுத்தியது. கல்லின் உயரம் தெரியவேண்டும் என்று அவரையே அதன் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். கையில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த ஒரு குச்சியைக் கொடுத்தார்கள். நேராக கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள். அவருக்கு டிப்பர்காரர் ஞாபகம் வந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார். நிமிருங்கய்யா, முகம் தெரியணும் என்று அந்தப் பெண் சொன்னதாம். போகிறபோது வாத்தியார் கையெடுத்துக் கும்பிட்டு, அடுத்த வாரம் எங்க பெரியவங்களை அழைச்சுக்கிட்டு வர்றோம், அதுவரைக்கும் எதையும் கலைச்சிடாதீங்க என்று கேட்டுக்கொண்டு போனார். அவ்வளவு மரியாதையாகப் பேசுகிற போலீஸை மாமனார் பார்த்ததே இல்லை. அதனாலேயே இன்னும் பயம் ஜாஸ்தியாகிவிட்டது.

அந்தப் பயத்தை அவர் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சாப்பாடு மட்டும் குறைந்தது. ரசத்தைக்கூடத் தொடமாட்டேன் என்கிறார் என்று மாமியார் போன் செய்தபோது, என் மனைவி கடையை மூடுங்க என்றாள். ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனோம். மாமனார் வழக்கம்போல வாங்க மாப்ள என்று எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். மழை, விலைவாசி, பஸ் எல்லாம் பேசினார். பேசிக்கொண்டே வந்து, யாருக்கோ கேட்கிறமாதிரி மெதுவாகக் கேட்டார்.

"மாப்ள, பதுக்கலுக்கு எத்தினி வருசம் உள்ள போடுவாங்க?"

நான் ரேஷன் அரிசியை நினைத்துக்கொண்டு, ஆளைப் பொறுத்து, அளவைப் பொறுத்து என்றேன். அளவு என்றதும் அவர் முகம் விழுந்துவிட்டது. அளந்துகினுதான் போயிருக்கறாங்க என்றார். பிறகு ஒவ்வொன்றாக வந்தது, டேப்பு, குச்சி, போட்டோ, பெரியவங்க. கல் பதுக்கல் என்ற சொல் வந்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நான் சிரித்தேன். கொஞ்சமாகச் சிரித்திருந்தால் பரவாயில்லை. மாமனார் ஜெயிலுக்குப் போகிறேன் என்று சொல்லும்போது தூணைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற மாப்பிள்ளையை என் மனைவி பார்த்த பார்வை இருக்கிறதே, அதைப் பிறகு பல நாள் பார்த்தேன்.

சிரித்ததோடு நிறுத்தினேனா, விளக்க ஆரம்பித்தேன். எவ்வளவு வருடமாக வாழ்த்து மடலும் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதுமே திருத்திக்கொண்டிருந்தவன். படித்த சொல்லுக்கு வேலை வந்தது என்ற சந்தோஷத்தில் எழுந்தே நின்றுவிட்டேன். மாமா, இது குற்றமே இல்லை, மண்ணுக்கு மேலே இருக்கிறது கல்திட்டை என்று தொடங்கினேன். அடுப்படியிலிருந்து மாமியார் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

"இன்னா திட்டம்? நம்ம பேரு வந்திருக்குதா?"

அவருக்கு வீடு கட்டுகிற திட்டத்தில் பெயர் விட்டுப்போன ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. திட்டம் இல்லை அத்தை, திட்டை என்றேன். திட்டவா, யார திட்றாங்க என்றார். அதை அப்படியே விட்டுவிட்டு, இதெல்லாம் பெருங்கற்கால ஈமச்சின்னம் என்றேன். அது முன்னதை விடப் பெரிய தப்பாகப் போய்விட்டது. மாமனார் ஒரு காலத்தில் யாரோ பேச்சைக் கேட்டு ஈமு கோழி வளர்த்து நொந்தவர். ஊரே நொந்தது, அவருடைய பறவை மட்டும் கூடுதலாகத் தபால்காரரை உதைத்துவிட்டு மக்காச்சோளக் கொல்லைக்குள் ஓடியது. அந்தப் பெயரைக் கேட்டதும் இப்போதும் அவருக்குத் தொண்டை வறளும். ஈமு இல்லை மாமா, ஈமம், ஈமம் என்று நான் சொல்லச் சொல்ல, சின்னம்னா எந்த கட்சி என்று மாமியார் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். சில இடத்தில் கல்லுக்குள்ளே முதுமக்கள் தாழியும் கிடைக்கும் என்றேன். அங்கே எந்த ழ எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியாதா. மாமியார் கை தானாகக் கழுத்துக்குப் போனது. முதுமக்கள்னா வயசானவங்கதான, அந்த வயசுல அவுங்களுக்கு எதுக்குத் தாலி என்றார். என் மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கினாள். அவள் சிரித்தால் மட்டும் அந்த வீட்டில் தப்பில்லை.

கடைசியில், மாமனாரைத் தேற்றுகிறேன் என்று ஒன்று சொன்னேன். இந்தக் கல் எல்லாம் உங்க கொல்லையில இருக்கறது குத்தமே இல்ல மாமா, யாராவது பேத்து எடுத்து சேதம் பண்ணினாத்தான் குத்தம். இதைச் சொன்னதும் கணவனும் மனைவியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். மாமியார் எழுந்து கிணற்றடிக்குப் போய், துணி துவைக்கிற கல்லின் மேல் ஈரச் சேலை ஒன்றை விரித்து மூடினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வழவழப்பான பலகைக் கல், மாமனாருடைய அப்பா காலத்தில் மேட்டுக்கொல்லையிலிருந்து வந்தது. காணாமல் போன பலகை அதுதான். அதன் மேல்தான் என் கல்யாண வேட்டியைக்கூடத் துவைத்துக் காயப்போட்டார்கள்.

இல்லாத குற்றத்துக்குப் பயந்துகொண்டிருந்த மனிதருக்கு, நான் போய் உண்மையான ஒரு குற்றத்தைக் கையில் கொடுத்துவிட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்ற நிம்மதியோடு மாலை பஸ்ஸில் ஊர் திரும்பினேன்.

மறுநாள் காலையில் கடையைத் திறந்து பத்தி கொளுத்தும்போது மாமியார் போன். என்னிடம் அவர் நேரடியாகப் பேசுவது ரொம்ப அபூர்வம். மகளிடம் சொல்லி, மகள் என்னிடம் சொல்வதுதான் முறை. அன்று முறை பார்க்கவில்லை. மாமனார் ஜேசிபிக்குச் சொல்லிவிட்டாராம். குள்ளர் வூட்டையும் குத்துக்கல்லையும் மொத்தமாகத் தள்ளி, கொல்லை மூலையில் இருக்கிற பாழுங்கிணற்றில் போட்டு மண் மூடிவிடப்போகிறாராம். கல்லே இல்லாவிட்டால் கேஸ் எங்கிருந்து வரும் என்று கேட்கிறாராம். வண்டி வந்துகினு இருக்குதுங்க, நீங்க வரவரைக்கும் நான் பாத்துக்கறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எவ்வளவு காலமாக அங்கே நிற்கிற கல். நான் கையை விட்டு முட்டை எடுத்த கல். பதுக்கலுக்கும் பதுக்கைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கிணற்றில் விழப்போகிறது. கடையை என் மனைவியிடம் விட்டேன். அவள் சாவியை வாங்கிக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னாள்.

"போயி கிளாஸ் எடுக்காதீங்க. அப்பா இன்னா கேக்கறாரோ அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

வெள்ளிமலை பஸ் அன்றைக்கென்று ஒவ்வொரு ஊரிலும் நின்றது. ஒரு ஆள் ஆட்டுக்குட்டியோடு ஏறி, அதற்கு டிக்கெட் உண்டா இல்லையா என்று கண்டக்டரோடு நியாயம் பேசிக்கொண்டே வந்தான். என் மாமனார் இருந்திருந்தால் ஆட்டுக்கும் அதன் தாய்க்கும் சேர்த்து வாங்கியிருப்பார் என்று நினைத்தேன். சிரிப்பு வரவில்லை.

இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தால், மேட்டுக்கொல்லையில் மஞ்சள் வண்டி கையை மடக்கிக்கொண்டு நிற்கிறது. மூடுகல்லின் மேல் முழுக்க வெள்ளை வேட்டி விரித்து, வேட்டி நிறையக் கூழ்வடகம். நடுவில் கொஞ்சம் இடம் விட்டு என் மாமியார் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். போனை வைத்ததும் கூழ் காய்ச்சி, அவசர அவசரமாகப் பிழிந்து வந்து உட்கார்ந்தவர். வண்டி டிரைவர், மலைமேல் ஊர்க்காரர், எதற்கும் பதறாத மனிதர், கீழே நின்றுகொண்டு ஓரத்திலிருந்து பாதி காய்ந்த வடகமாகப் பார்த்து எடுத்துத் தின்றுகொண்டிருந்தார். பாதி காய்ந்த வடகத்தின் ருசி தெரிந்தவர்கள் அவரைக் குறை சொல்லமாட்டார்கள்.

மாமனார் மரத்தடியில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார். மாமியார் காதில் வாங்கவில்லை. வடகம் காயட்டும், அப்புறம் பாத்துக்கலாம் என்றார். எப்போது காயும் என்று டிரைவர் கேட்டார். வெயிலப் பொறுத்து, நாளைக்கும் ஆவும், நாளன்னிக்கும் ஆவும் என்றார் மாமியார். அப்போதும் மாமனார் இறங்கு இறங்கு என்றதும்தான் அவருக்குக் கோபம் வந்தது.

"நான் ஒருத்தி இங்க குத்துக்கல்லாட்டம் குந்திகினு இருக்கறப்ப, எப்பிடி இடிக்கறீங்கன்னு பாக்கறேன்."

அவருக்குப் பின்னால் நிஜமான குத்துக்கல் நின்றுகொண்டிருந்தது. படிப்பில் அதை நெடுங்கல் என்பார்கள். நான் சொல்லவில்லை. மனைவி சொல்லி அனுப்பியது ஞாபகம் இருந்தது.

என்னைப் பார்த்ததும் மாமனார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். கண்ணில் தூக்கமே இல்லை. அந்த முகத்தைப் பார்த்தபோது, தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை நினைத்து வெட்கமாக இருந்தது. யாரும் ஒரு சொல் சொல்லிவிடக்கூடாது என்று வாழ்ந்த மனிதர், ஒரு சொல்லே வந்து வீட்டு வாசலில் நிற்கிறது என்று நம்பிக்கொண்டு நிற்கிறார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். பிறகு அவரே கேட்டார்.

"சரி மாப்ள. பதுக்கிட்டாங்க, பதுக்கிட்டாங்கன்றாங்களே. இன்னாத்த பதுக்கனாங்க?"

"ஆளத்தான் மாமா. செத்துப்போன ஆள. நரி கிரி வந்து தோண்டிடக்கூடாதுன்னு நாலு பக்கமும் கல்லு வெச்சி, மேல மூடி, பதுக்கி வெச்சிருக்காங்க."

"யாரு பதுக்கனது?"

"அவங்க சொந்தக்காரங்கதான்."

மாமனார் என்னைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். பிறகு மெதுவாகப் போய் அதைச் சுற்றி வந்தார். பிறந்ததிலிருந்து பார்க்கிற கல்லை அன்றுதான் பார்க்கிறவர் மாதிரி, மூடுகல்லின் விளிம்பில் உள்ளங்கையை வைத்துக் கனம் பார்த்தார். கல்லும் மண்ணும் தூக்கியே கை காய்த்துப்போனவர். இது தூக்கற கல்லா என்று டிரைவரைக் கேட்டார். டிரைவர் வாயில் இருந்த வடகத்தை விழுங்கிவிட்டு, வண்டியே கொஞ்சம் யோசிக்கும் என்றார்.

"அப்பிடின்னா இத தூக்க ஊரே வந்திருக்கணும்" என்றார் மாமனார். "ரொம்ப வேண்டிய ஆளு போல."

எனக்கு இப்போது வேறு பயம் வந்துவிட்டது. மாமனார் சரியாகிவிடுவார், மாமியார் என்ன செய்வார்? இவ்வளவு வருடம் வடகம் காயவைத்தது சமாதி மேல் என்று தெரிந்தால் இறங்கித் தலை முழுகிவிட்டு, அவரே வண்டியை முன்னால் ஓட்டச் சொன்னாலும் சொல்வார். அவர் மேலே உட்கார்ந்தபடியே யோசித்தார். குள்ளர் வூடுன்னாலும் உள்ள ஆள் இருக்குதுன்னு நெனச்சிதான வெச்சேன், இப்ப இன்னா புதுசா என்றார். அதற்கப்புறம் ஒரு விஷயம் சொன்னார். ஒவ்வொரு வருடமும் முதல் ஈடு வடகம் காய்ந்ததும் ஒரு கை அள்ளி அந்த ஓட்டை வழியாக உள்ளே போட்டுவிட்டுத்தான் மற்றதை எடுப்பாராம். அடுத்தவங்க வூட்டு மேல காய வெக்கறமே, வாடகை தர வேணாமா என்றார். எனக்குத் தெரிந்து எலிதான் அதைத் தின்றிருக்கும், இல்லாவிட்டால் அந்தக் கோழி. ஆனால் நான் அந்த ஓட்டைக்குள் ஒரு தடவை குனிந்து பார்த்தேன். யாரென்றே தெரியாத ஒரு ஆளுக்கு, அது சமாதி என்றே தெரியாமல், மாமியார் வருடம் தவறாமல் படையல் வைத்திருக்கிறார்.

வந்த வண்டியை வெறுமனே அனுப்பக்கூடாது என்று மாமனார் நினைத்தார். கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். பிறகு டிரைவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக் கிணற்றடிக்குப் போனார். துணி துவைக்கிற கல்லை வண்டி தன் கையில் ஏந்திக்கொண்டு, தெருவழியாக, ஊர் பார்க்க, மேட்டுக்கொல்லைக்கு வந்தது. அதன் மேல் இன்னும் சோப்பு நுரை காயவில்லை. மண்ணில் புதைந்து கிடந்த பெட்டியில் எந்தப் பக்கம் பலகை இல்லையோ அந்தப் பக்கம் இறக்கச் சொன்னார். கொஞ்சம் சாய்வாகத்தான் நின்றது. மாமனார் முட்டுக் கொடுத்து, மண் அணைத்து, காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தினார். எடுத்த எடத்துல வெச்சிட்டோம் என்று அதனிடமே சொன்னார். அன்று மத்தியானம் ரசத்தை மூன்று தடவை ஊற்றிக்கொண்டார். மாமியார்தான் அதற்கப்புறம் ரொம்ப நாள் துணி துவைக்க சிமென்ட் மேடையைத் திட்டிக்கொண்டிருந்தார்.

சொன்னபடி அடுத்த வாரம் வாத்தியார் பெரியவர்களோடு வந்தார். மாமனார் என்னையும் வரச்சொல்லியிருந்தார், ஏதாவது சொல் தடுக்கினால் பிடித்துக்கொள்ள. சலவை வேட்டி, சட்டை, நெற்றியில் திருநீறு, தலைமுடியைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார். கார் நின்றதும் அவரே முன்னால் போய், அந்தக் கறுப்பு வெள்ளைக் குச்சி எங்கே என்று கேட்டு வாங்கிக்கொண்டு கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றார். சாய்வாக நிற்கிற புதுப் பலகையைப் பார்த்து வாத்தியாருக்கு மூச்சே நின்றுவிட்டது. அதில் துணிக்குப் போடுகிற நீலப் பொடியின் கறைகூட இருந்தது. எங்கள் அப்பா காலத்தில் ஒன்று வெளியே போயிருந்தது, கொண்டுவந்து வைத்துவிட்டோம் என்று மாமனார் விளக்கினார். வாத்தியார் ஏதோ சொல்ல வாயெடுத்து, மாமனார் முகத்தைப் பார்த்து, சொல்லாமல் விட்டார். அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

வந்தவர்களில் வயதில் பெரியவர் ஒருத்தர், எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, மாமனாரிடம் மரியாதையாகக் கேட்டார், இவ்வளவு நல்லா இருக்கிற கற்பதுக்கையை நான் பார்த்ததே இல்லை, இதெல்லாம் எப்படிய்யா இன்னும் கலையாம இருக்கு என்று. அந்தச் சொல் வந்துவிட்டதே என்று மாமனாரைப் பார்த்தேன். அவர் தலையைக் குனியவில்லை. குச்சியை நேராகப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்தார்.

"நாங்கதான் சார் பதுக்கி வெச்சிகினு இருக்கறோம்" என்றார். "பதிவு பண்ணிக்குங்க."